வெளிநாட்டுப் பயணங்கள் பிறரைப் பற்றிய நமது பார்வையை மாற்றுகின்றனவா?

மத்ரஸாவில் ஓதி முடித்து வெளியேறிய புதிதில் ஒரு பள்ளிவாசலில் இமாமாகக் கடமையாற்றினேன். ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்ததும் ஓர் இளைஞரை அழைத்து, ஜமாஅத்தார் பார்த்திருக்கவே கண்டித்தேன். அவர் தொழுகையில் கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டிருந்தார். வளைகுடாவில் சில வருடங்கள் சூடான் நாட்டவர்களோடு ஒரே அறையில் தங்கி வேலை செய்துவிட்டு விடுமுறையில் வந்தவர் அவர்.

"அவங்க அப்படித்தான் தொழுறாங்க ஹஸரத்" என்றார்.

"அவங்க தொழுறது அவங்களோட இருக்கட்டும். இது நம்மட பள்ளி" என்றேன்.

அதன் பிறகு அவர் அந்தப் பள்ளிக்கு வரவில்லை.

மாலிகி மத்ஹபில் கைகளைத் தொங்கவிட்டுத் தொழும் வழக்கம் இருப்பது எனக்குத் தெரியாத விடயமல்ல. கிதாபில் வாசித்திருந்தேன், பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றிருந்தேன். ஆனால், அது தூரத்து நாடொன்றின் செய்தியாகவே என் மனதில் இருந்தது. அப்படித் தொழும் ஒரு மனிதரை நான் அதுவரை அறிந்திருக்கவில்லை.

சில வருடங்களின் பின்னர் ரமழானில் உம்ரா செல்லும் பாக்கியம் கிடைத்தது. மதீனாவில் மஸ்ஜிதுந் நபவியில் நோன்பு திறப்பதற்காக விரித்திருந்த ஸுப்ராவில் எனக்குப் பக்கத்தில் மொரித்தானியாவைச் சேர்ந்த ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். ரொட்டி, பேரீச்சம்பழம், தயிர் ஆகியவற்றோடு ஒரு சிறிய பக்கற்றில் ஏதோ ஒரு தூளும் தந்திருந்தார்கள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துவிட்டு, அதைப் பிரித்து என் தயிரில் தூவி, தனது ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்தார். நான் மத்ரஸாவில் கற்ற அரபு மொழியில் தட்டுத் தடுமாறிப் பேச, அவர் என் பிழைகளைக் காட்டிக்கொடுக்காமல் நிதானமாகப் பதில் சொன்னார். சிறு வயதிலேயே அரபு இலக்கண நூல்களை மனனமிட்டவர் அவர் என்பது பேச்சில் தெரிந்தது.

பாங்கு சொல்லி, இகாமத்தும் சொல்லப்பட்டது. எழுந்து நின்றோம். என் பக்கத்தில் அந்தப் பெரியவர் கைகளைத் தொங்கவிட்டுத் தொழுதார். நான் கண்டித்து அனுப்பிய அந்த இளைஞரின் முகம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

அவர் என்னை விட முன்னதாகப் பயணம் செய்து, என்னை விட முன்னதாகக் கற்றுக்கொண்டு வந்திருந்தார் என்பது அன்று புரிந்தது.

பயணம் மட்டும் போதுமா?

வெளிநாட்டுக்குச் சென்றால் மனம் விரியும் என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால், நம் கண் முன்னே இருக்கும் அனுபவம் வேறு. இருபது வருடங்கள் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர்களில் சிலர், அந்நாட்டவர்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்வதில்லை. வேறு சிலரோ இரண்டு வாரம் போய்விட்டு வந்து, ஒரு சமூகத்தைப் பற்றிய முழு எண்ணத்தையும் மாற்றிக்கொள்கிறார்கள். வித்தியாசம் எங்கே இருக்கிறது?

ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் கோர்டன் ஓல்போர்ட் 1954இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். இரண்டு சமூகத்தவர்கள் சந்திப்பதால் மட்டும் தப்பெண்ணம் நீங்கிவிடாது. நான்கு நிபந்தனைகள் கூடி வர வேண்டும். சந்திக்கும் இடத்தில் இருவரும் சம அந்தஸ்தில் இருக்க வேண்டும். இருவருக்கும் ஒரு பொது நோக்கம் வேண்டும். அதை அடைய ஒருவருக்கொருவர் ஒத்துழைக்க வேண்டும். அந்தச் சந்திப்பைச் சட்டமோ, அதிகாரமோ, வழக்காறோ ஆதரிக்க வேண்டும்.

பிற்காலத்தில் பெட்டிக்ரூ, ட்ரொப் என்ற இரு ஆய்வாளர்கள் 515 ஆய்வுகளைத் திரட்டி 2006இல் ஒரு பகுப்பாய்வை வெளியிட்டார்கள். சந்திப்புகள் பெரும்பாலும் தப்பெண்ணத்தைக் குறைக்கின்றன, மேற்சொன்ன நிபந்தனைகள் இருந்தால் இன்னும் அதிகமாகக் குறைக்கின்றன என்பதே அதன் முடிவு.

மல்கம் எக்ஸின் இரண்டு பயணங்கள்

மல்கம் எக்ஸ் 1964இல் ஹஜ் செய்து மனம் மாறினார் என்பது நம்மில் பலரும் பயான்களில் கேட்ட விடயம். ஆனால், அதற்கு ஐந்து வருடங்களுக்கு முன்னர், 1959இல், அவர் எகிப்து, சவூதி அரேபியா, சூடான் ஆகிய நாடுகளுக்குச் சென்று வந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. அந்தப் பயணத்தில் வெவ்வேறு நிறத்து முஸ்லிம்களை அவர் கண்டிருக்கவே வேண்டும். இருந்தும் நாடு திரும்பிய பின்னர், வெள்ளையர்கள் பிறவியிலேயே தீயவர்கள் என்ற தனது இயக்கத்தின் போதனையைத்தான் தொடர்ந்து பேசினார்.

1959இல் அவர் சென்றது தனது தலைவரின் பிரதிநிதியாக. 1964 மார்ச்சில் அந்த இயக்கத்தை விட்டு விலகி, ஏப்ரலில் ஹஜ்ஜுக்குச் சென்றபோது அவர் வெறும் ஹாஜி. ஜித்தாவில் அவரைத் தடுத்து வைத்து, அவர் உண்மையான முஸ்லிம்தானா என்று விசாரித்தார்கள். தொழுகையின் அமர்வுகூட அவருக்குச் சரியாக வரவில்லை, மற்றவர்களைப் பார்த்துத்தான் பழகினார். அமெரிக்காவில் வெள்ளையர் என்று கணிக்கப்படக்கூடிய ஒரு குடும்பத்தினர் அவருக்காகத் தமது தங்குமிட வசதியையே விட்டுக்கொடுத்தார்கள். பின்னர், நீலக் கண் கொண்டவர்களோடு ஒரே தட்டில் உண்டார், ஒரே விரிப்பில் தூங்கினார்.

சம அந்தஸ்து, பொது நோக்கம், பரஸ்பர உதவி, அதற்கு வழிசெய்யும் சட்டம் என நான்கும் அங்கே இருந்தன. அமெரிக்காவின் இனவாதத்தை எதிர்ப்பதை அவர் அதன் பின்னரும் நிறுத்தவில்லை. 1965 பெப்ரவரியில் கொல்லப்படும் வரை எதிர்த்தார். ஆனால், ஒரு மனிதனை அவனது தோலை வைத்துத் தீர்ப்பளிப்பதை விட்டுவிட்டார்.

இது ஒரு தனிமனிதரின் கதை மட்டுமல்ல. பாகிஸ்தானில் அரச ஹஜ் திட்டத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் குலுக்கல் முறையில் தெரிவு செய்யப்படுவதுண்டு. 2006ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்கு விண்ணப்பித்தவர்களில் குலுக்கலில் தெரிவானவர்களையும் தெரிவாகாதவர்களையும் சேர்த்து 1,600 பேருக்கும் மேற்பட்டோரிடம் பொருளியல் ஆய்வாளர்கள் மூவர் தகவல் திரட்டி, 2009இல் வெளியிட்டார்கள். இரு பிரிவினருமே செல்ல விரும்பியவர்கள் என்பதால் இந்த ஒப்பீடு முக்கியமானது.

ஹஜ் செய்து வந்தவர்களிடம் பிற இனங்களும் பிற இஸ்லாமியப் பிரிவுகளும் சமம் என்ற எண்ணம் கூடியிருந்தது. பெண்களின் கல்வி, தொழில் என்பவற்றை ஏற்கும் மனப்பான்மை வளர்ந்திருந்தது. பிற மதத்தவர்களோடு இணக்கமாக வாழ முடியும் என்ற நம்பிக்கையும் அதிகரித்திருந்தது. ஒன்றுகூடல் முஸ்லிம்களைப் பிறரிடமிருந்து தூரமாக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இந்த முடிவு ஆச்சரியமாகவே இருந்திருக்கும்.

கூடவே பயணித்த அளவுகோல்

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இப்னு பதூதா 1325இல், 21 வயதில், மொரோக்கோவின் தன்ஜா நகரிலிருந்து புறப்பட்டவர். ஏறத்தாழ 30 வருடங்களில் ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம் பயணித்தார் என மதிப்பிடுகிறார்கள். ஆனால், அவ்வளவு தூரமும் அவரோடு அவரது ஊர் அளவுகோலும் சேர்ந்தே பயணித்தது.

மாலைதீவில் அவர் காழியாக நியமிக்கப்பட்டார். அம்மக்களின் மார்க்கப் பற்றையும் சுத்தத்தையும் மெச்சினார். ஆனால், அங்கிருந்த பெண்களின் உடை வழக்கத்தை அதிகாரத்தால் மாற்ற முயன்றார், தனது நீதிமன்றத்துக்கு வெளியே அது முடியவில்லை என்று அவரே பதிவு செய்கிறார். சீனாவின் செழிப்பையும் பாதுகாப்பையும் புகழ்ந்தார். ஆனாலும், அந்நாடு அவரது மனதுக்கு ஒட்டவில்லை.

அதே இப்னு பதூதா 1344இல் நமது இலங்கைக் கரைக்கு வந்தபோது நிலைமை வேறாக இருந்தது. மாலைதீவிலிருந்து சென்ற கப்பலைக் காற்று திசை மாற்றி இங்கு கொண்டுவந்து சேர்த்தது. கரையில் ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சி. கப்பலோட்டிகள் இறங்கவே அஞ்சினார்கள். ஆனால், முஸ்லிமல்லாத அந்த மன்னர் அவரை வரவேற்று, முத்துகளைப் பரிசளித்து, பாவா ஆதம் மலைக்குச் செல்லப் பல்லக்கும் ஆட்களும் கொடுத்தார். வழித்துணையாக யோகிகளும் பிராமணர்களும் கூடச் சென்றார்கள். ஒரே மலையை நோக்கி, ஒரே பாதையில், வெவ்வேறு நம்பிக்கை கொண்டவர்கள் ஏறினார்கள். இந்தப் பகுதியை அவர் எழுதிய விதத்தில் குறை காணும் தொனி மிகவும் குறைவு.

மாலைதீவில் அவர் நீதிபதி. இலங்கையில் அவர் விருந்தாளி. நீதிபதியின் கண்ணுக்குக் குற்றம் தெரியும், விருந்தாளியின் கண்ணுக்கு மனிதர்கள் தெரிவார்கள்.

நமது பயணங்கள்

இந்தக் கண்ணாடியில் நமது பயணங்களையும் பார்ப்போம். உம்ராவுக்குக் குழுவாகச் செல்கிறோம். நம்மவர் சமைத்த சோறு, நம்மவர் நிறைந்த அறை, நமது மொழி பேசும் வழிகாட்டி. இலட்சக்கணக்கான வெளிநாட்டவர்களின் நடுவே இரண்டு வாரம் இருந்தும் ஒருவரின் பெயரைக்கூடக் கேட்காமல் திரும்பி வருகிறோம்.

வளைகுடாவில் தொழில் புரிபவரின் நிலை இதைவிடக் கடினம். அவர் சந்திக்கும் அரபி பெரும்பாலும் முதலாளி. அங்கே சம அந்தஸ்து இல்லை. மற்ற நேரத்தில் அறையும் நம்மவர்களோடுதான். இருபது வருடக் கசப்பு ஏன் என்பதற்கு இதில் ஒரு விடை உண்டு. அதே நேரம், வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்ற சில தாய்மார் பேசும் பேச்சு வழக்கு அரபுக்கு முன்னால் எனது ஏட்டு அரபு தோற்றுப்போகும். அந்தச் சமூகத்தின் சமையலறையையும், கோபத்தையும், கண்ணீரையும் அவர்கள் அறிவார்கள். அவர்களில் பலர் பட்ட அநியாயங்களை மறைக்க முடியாது. ஆனாலும், அவர்களிடம் கேட்டால், "எல்லாரும் ஒரு மாதிரி இல்ல" என்று பெயர் பெயராகச் சொல்வார்கள். ஒரு நாட்டை அறிந்தவர்களின் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

இன்னொரு தவறும் நம்மிடம் இருக்கிறது. அங்கே காணும் அனைத்தையும் மார்க்கம் என்று எடுத்துக்கொள்வது. அரபியின் உணவும் உடையும் விருந்தோம்பலும் அவரது நாட்டு வழமை. துருக்கியருக்கும் இந்தோனேசியருக்கும் வேறு வழமைகள் உண்டு. நாலு நாட்டு முஸ்லிம்களோடு பழகியவருக்கு மார்க்கம் எது, வழமை எது என்பது தெளிவாகும். ஒரே நாட்டை மட்டும் பார்த்தவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

எனவே, பயணம் செல்பவர்களுக்கு அனுபவத்தில் சில ஆலோசனைகள். அந்நாட்டு மொழியில் பத்து வார்த்தைகளையாவது கற்றுச் செல்லுங்கள். இந்தியாவைப் பற்றி 1030ஆம் ஆண்டளவில் பெரும் நூல் எழுதிய அல்பிரூனி, அதற்காக சமஸ்கிருதத்தையே கற்றார், இந்துக்களின் கொள்கைகளை அவர்கள் சொல்வது போலவே முதலில் எடுத்துரைத்தார். ஒரு நேரச் சாப்பாட்டையாவது குழுவை விட்டுப் பிரிந்து அந்நாட்டவர் ஒருவரோடு சாப்பிடுங்கள். விநோதமாக ஒன்றைக் கண்டால், "எங்க ஊர்ல இப்படி இல்ல" என்பதற்கு முன்னர், "ஏன் இப்படி?" என்று கேளுங்கள். ஒரு டாக்சிக்காரர் ஏமாற்றினால் அது ஒரு டாக்சிக்காரரின் செயல், ஒரு நாட்டின் குணமல்ல.

மனிதர்கள் பல சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் படைக்கப்பட்டதன் நோக்கம், ஒருவரையொருவர் அறிந்துகொள்வதே என்று அல்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் 13ஆவது வசனம் நமக்குக் கற்றுத் தருகிறது. அந்த அறிதலுக்கு எப்போதும் விமானச் சீட்டு தேவைப்படுவதில்லை. மக்காவுக்கும் இஸ்தான்புலுக்கும் போய் வந்த நம்மில் எத்தனை பேர், அடுத்த தெருவில் உள்ள சிங்களச் சகோதரரின் அல்லது தமிழ்ச் சகோதரரின் வீட்டு வாசற்படியைத் தாண்டியிருக்கிறோம்?

உம்ராவிலிருந்து திரும்பியதும் அந்த இளைஞரைத் தேடினேன். அவர் மீண்டும் வெளிநாடு சென்றிருந்தார். வீட்டாரிடம் இலக்கம் வாங்கிப் பேசி, அன்று நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அது போனது போகட்டும் ஹஸரத். ரூம்ல சூடான்காரர் இருக்கார், ஸலாம் சொல்லுங்க" என்று தொலைபேசியை அவரிடம் கொடுத்தார்.

ஸலாம் சொன்னேன். மறுமுனையிலிருந்து வந்த பதில் ஸலாம் மிக நீண்டதாக இருந்தது.