மொறுமொறுப்பான ரொட்டி

இத்தாலிய சாண்ட்விச்சுக்கு உயிர், மொறுமொறுப்பான ரொட்டி. மிலான் நகரத்து ‘மிக்கெட்டா’ உள்ளே கூடாக இருப்பது ஈரக்காற்றில் நமுக்காமலிருக்கத்தான் என்பார்கள். ஈரக்காற்று நம் மும்பைக்கும் உண்டே! இங்கே அதற்கு ஈடாக, ஈரானி பேக்கரிகளில் ‘புருன் பாவ்’ கேளுங்கள், நண்பர்களே. மேலே கெட்டித் தோல், உள்ளே பஞ்சு. அடிப்பக்கத்தைத் தட்டினால் ‘டொக்’கென்று ஒலிக்க வேண்டும், அதுவே நன்கு வெந்ததற்கு அடையாளம்.

காலையில் வாங்கியது மாலையில் நமுத்துவிட்டதென்று கடைக்காரரிடம் நான் சண்டைக்குப் போனதுண்டு. குற்றம் என்னுடையதே! சூட்டோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால், உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி மேல்தோலை நனைத்துவிடும். ஆகவே காகிதப் பையே நலம். நமுத்துப்போனதைத் தோசைக்கல்லில் மூடாமல் சற்றுச் சுடுங்கள், மொறுமொறுப்பு மீளும். மழைக்காலத்தில் அன்றைக்கு வேண்டியதை அன்றே வாங்குங்கள். காசும் மிஞ்சும், கடைக்காரர் நட்பும் மிஞ்சும்.