குறையிலே பிறந்த நாதம்

உள்ளங்கையில் அடங்கத்தக்க உலோகப் பெட்டியொன்றை என் மேசைமீது வைத்துவிட்டு, என் மருமகன் மௌனமாக நின்றான். சென்ற ஆண்டு மாரிகாலத்து மாலைப் பொழுது அது. முப்பதாண்டுக் காலம் பௌதிகவியல் கற்பித்து ஓய்ந்திருக்கும் என்னிடம், பழுதுற்ற வானொலிகளையும் மின்விசிறிகளையும் அயலவர் கொண்டுவந்து தருவது புதிதன்று. ஆயினும், அவன் கொண்டுவந்த பொருள் பழுதுற்றதாகத் தோன்றவில்லை.

"மாமா, இது சரிவராது. மூக்காலை பாடுறமாதிரிக் கிடக்கு. காப்பை ஈடுவைச்சு நல்லதொண்டு வாங்கித் தாறன் எண்டு அம்மா சொல்லுறா" என்றான்.

என் சகோதரிக்கு எஞ்சியிருந்த நகை அந்தக் காப்பு ஒன்றே. அது ஈடுகடைக்குப் போனால் திரும்பி வருமோ என்பது எனக்கு ஐயமாயிருந்தது. "ஈடுவைக்கிறதை இரண்டு கிழமைக்குப் பிறகு பாப்பம் தம்பி. இதை என்னட்டை விட்டிட்டுப் போ" என்றேன். விடை தெரிந்து சொன்ன சொல்லன்று அது. தவணை கேட்ட சொல்.

மின்கிற்றாரில் பழக்கமில்லாத வாசகர்க்கு இப்பெட்டி இன்னதென்று முதலிற் கூறுதல் வேண்டும். கிற்றாருக்கும் விரியலாக்கிக்கும் இடையே இதனை இணைத்துக் காலால் மிதித்து இயக்குவர். ஓவர்டிரைவ் பெடல் என்பது இதன் பெயர். தெளிவாக வரும் ஒலியை வேண்டுமென்றே சற்றுக் கலங்கச் செய்து, கரகரப்பும் கனமும் கூட்டித் தருவதே இதன் தொழில். ஒலியைத் திரிபின்றிப் பெருக்குவதே விரியலாக்கியின் இலட்சணம் என்று வாழ்நாளெல்லாம் வகுப்பறையிற் சொல்லி வந்தவன் நான். திரிபை விலைகொடுத்து வாங்குகிறார்கள் என்பதை எண்ணியபோது, முதலில் எனக்கு நகைப்பே வந்தது.

அந்த நகைப்பைப் போக்கியது, இக்கருவியின் வரலாறு. 1951ஆம் ஆண்டில் ஐக் டேர்னர் என்பாரின் குழுவினர், 'ரொக்கெற் 88' என்னும் பாடலை ஒலிப்பதிவு செய்வதற்காக அமெரிக்காவின் மெம்பிஸ் நகருக்குச் சென்றனர். வழியில் அவர்களது விரியலாக்கி சேதமுற்றது. ஒலிப்பதிவாளர் சாம் பிலிப்ஸ் அதனை ஒதுக்கிவிடவில்லை. ஒலிபெருக்கியின் சிதைந்த கூம்பினுள் தாளைத் திணித்து, வில்லி கிசார்ட்டின் கிற்றார் எழுப்பிய உறுமலை அவ்வாறே பதிவு செய்தார். பத்தாண்டுகளின் பின், நாஷ்வில் நகரில் மாட்டி ரொபின்ஸின் பாடலொன்றைப் பதிவு செய்கையில், கலவைப் பலகையின் ஒரு பகுதி பழுதாகி, கிறேடி மாட்டின் வாசித்த தாழ்சுரக் கிற்றார் வண்டுபோல் ரீங்கரித்தது. 1961இல் வெளிவந்த அப்பாடலைக் கேட்டோர் அவ்வொலியை விரும்பினர். பொறியியலாளர் கிளென் ஸ்னொடி அதே ஒலியைத் திரான்சிஸ்ரர்களாற் பிறப்பிக்க ஒரு சுற்றை அமைத்தார். 1962இல் அது மேஸ்ட்ரோ ஃபஸ்ரோன் என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் றிச்சர்ட்ஸ் தமது புகழ்பெற்ற பாடலொன்றில் அதனைப் பயன்படுத்திய பின்னர், உலகெங்கும் இளைஞர் அதனைத் தேடத் தொடங்கினர்.

பழுதாகப் பிறந்தது பண்பாக ஏற்கப்பட்ட கதை இது. நமக்கும் இது முற்றிலும் அந்நியமானதன்று. தம்புராவின் குதிரைக்கும் தந்திக்கும் இடையே மெல்லிய நூலிழையொன்றைச் செருகுவதை நாம் கண்டிருக்கிறோம். தந்தி தடையின்றி அதிர்வதை அந்நூல் சிறிது குழப்புகிறது. அக்குழப்பத்தினாலேயே மேற்றொனிகள் பலவாய்ப் பெருகி, நாதம் உயிர்பெறுகிறது. நூலை எடுத்துவிட்டால் எஞ்சுவது தூய ஒலிதான். ஆனால் அது தம்புராவின் ஒலியன்று. இதனை எண்ணிய பின்னரே மருமகனின் பெட்டியை மரியாதையோடு திறந்தேன்.

திருகாணி நான்கையும் கழற்றி, சுற்றினைத் தாளில் வரைந்து பார்த்தேன். 1979ஆம் ஆண்டளவில் யப்பானில் சுசுமு தமுரா என்னும் பொறியியலாளர் வடிவமைத்து, ஐபனேஸ் என்னும் பெயரில் விற்பனையான ரியூப் ஸ்கிறீமர் பெட்டியின் சுற்றே அதனுள் இருந்தது. மலிவுப் பெட்டிகள் பல அச்சுற்றின் வழிவந்தவையே. எனவே, மருமகன் வெறுத்த பெட்டியின் எலும்புக்கூடு உயர்குடிப் பிறப்புடையதுதான்.

அச்சுற்றின் இதயம் ஒரு செயற்பாட்டு விரியலாக்கி. அதன் பின்னூட்டல் வழியில் 51,000 ஓம் தடையியும், 500,000 ஓம் வரை திருப்பத்தக்க மாறுந்தடையும் தொடராக உள்ளன. எதிர்ப்புறத்தில் 4,700 ஓம் தடையி ஒன்று. மஞ்சள், ஊதா, சிவப்பு என்னும் வளையங்களால் அதனை இனங்காணலாம். இவற்றின் விகிதத்தால், கிற்றாரின் சைகை ஏறத்தாழ 12 மடங்கிலிருந்து 118 மடங்கு வரை பெருகுகிறது. ஆனால் பின்னூட்டல் வழியில், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இரு சிலிக்கன் இருவாயிகளும் உள்ளன. பெருகிய அலை ஏறக்குறைய 0.6 வோல்ற்றை எட்டியதும் இருவாயி கடத்தத் தொடங்குகிறது. பெருக்கம் சட்டென்று குறைகிறது. அலையின் முடி மழுங்குகிறது. அந்த மழுங்கலே புதிய மேற்றொனிகளைப் பிறப்பிக்கிறது. இதில் ஓர் அழகு உண்டு. இச்சுற்றிலே பெருக்கம் எவ்வளவு குறைந்தாலும் ஒன்றுக்குக் கீழே போவதில்லை. ஆதலால், வாசிப்பவனின் மூல ஒலி திரிபினுள்ளும் அழியாது கலந்தே வருகிறது.

இனி, மூக்காற் பாடும் குறைக்கு வருவோம். அந்த 4,700 ஓம் தடையியுடன் தொடராக, 473 என்று பொறிக்கப்பட்ட சிறு கொள்ளளவி ஒன்று இருந்தது. 47ஐ அடுத்து மூன்று பூச்சியங்கள் என அதனை வாசித்தல் வேண்டும். 47,000 பிக்கோ பரட்டு, அஃதாவது 0.047 மைக்கிரோ பரட்டு. இவ்விரண்டும் சேர்ந்து 720 ஹேட்ஸ் மீடிறனில் ஓர் எல்லையை வகுக்கின்றன. அதற்குக் கீழ்ப்பட்ட சுரங்கள் படிப்படியாகக் குறைவாகவே பெருக்கப்படும். கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தியோ 82 ஹேட்ஸில் அதிர்வது. அடிச்சுரங்கள் மெலிந்து நடுச்சுரங்கள் மட்டும் முனைப்பாக நிற்பதனாலேயே அந்த மூக்கொலி தோன்றுகிறது.

நோய்க்குக் காரணம் கண்டுவிட்டதாக மகிழ்ந்தேன். அதே அளவுடைய இன்னொரு கொள்ளளவியை முதலாவதன் மேல் சமாந்தரமாகச் சோல்டர் செய்தேன். கொள்ளளவு இரட்டித்தது, எல்லை 360 ஹேட்ஸுக்கு இறங்கியது. மருமகன் வந்து தன் அறையில் வாசித்துப் பார்த்தபோது ஒலி நிறைவாக, மார்பிலிருந்து எழுவதுபோல் வந்தது. "இதுதான் மாமா நான் கேட்டது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அடுத்து இருவாயிகளிற் கைவைத்தோம். சிலிக்கனுக்குப் பதிலாகச் சிவப்பு நிற ஒளிகாலும் இருவாயிகளை இட்டோம். அவை கடத்துவதற்கு 1.7 வோல்ற் அளவு வேண்டும். ஒலி உரத்தது, விரிந்தது. ஆனால் மருமகன் விரும்பிய கரகரப்பு குறைந்துவிட்டது. ஆகவே அவற்றை அகற்றி, ஒருபுறம் ஒரு சிலிக்கன் இருவாயியும் மறுபுறம் தொடராக இரண்டும் வைத்தோம். யப்பானின் பொஸ் நிறுவனம் 1977இலும் 1981இலும் வெளியிட்ட பெட்டிகளிற் கையாண்ட முறை இது. அலையின் இருபுறமும் ஒரே அளவில் மழுங்கினால் ஒற்றை எண் மேற்றொனிகளே தோன்றும். அளவு வேறுபட்டால் இரட்டை எண் மேற்றொனிகளும் உடன் சேரும். இரண்டாம் மேற்றொனி மூலச் சுரத்தின் மேல்ஸ்தாயியாதலால் ஒலிக்குச் சற்று இனிமை கூடுகிறது. சில ரூபாய்ச் செலவில் கிடைத்த இந்த மாற்றம் இன்றும் அப்பெட்டியில் நிலைத்திருக்கிறது.

மூன்றாவது முயற்சி மருமகனின் விருப்பத்துக்காகச் செய்தது. பழைய 4558 என்னும் சில்லுக்கு ஒரு மந்திர ஆற்றல் உண்டென்று கிற்றார் வாசிப்போர் நம்புகின்றனர். பழுதடைந்த கசெற் கருவியொன்றிலிருந்து அவ்வெண்ணுடைய சில்லு ஒன்றை எடுத்தேன். பெட்டியிலிருந்த சில்லையும் அதனையும் மாறி மாறிச் செருகி, அவனை எனக்கு முதுகுகாட்டி நின்று வாசிக்கச் சொன்னேன். எது பழையது என்று பத்துமுறை கேட்டேன். ஐந்துமுறை சரியாகச் சொன்னான். காசைச் சுண்டியிருந்தாலும் அத்தனையே கிடைத்திருக்கும். அவன் சிரித்துவிட்டான். ஆசிரியத் தொழிலில் எனக்குக் கிடைத்த மிக நல்ல பாடவேளைகளில் அதுவும் ஒன்று.

ஈண்டு மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை. இப்பெட்டி 9 வோல்ற் மின்கலத்தில் இயங்குவது. மின்னிணைப்பை நீக்கித் திறந்தால் அச்சமில்லை. வால்வு விரியலாக்கியோ அத்தகையதன்று. மின்னைத் துண்டித்த பின்னரும் அதன் கொள்ளளவிகளிற் பலநூறு வோல்ற் தங்கியிருந்து உயிரைப் பறிக்கக்கூடும். அதனைத் தேர்ந்தவரன்றி எவரும் திறத்தலாகாது.

பணி முடிந்ததென்று நான் எண்ணியிருந்த வேளையிலேயே தோல்வி வந்தது. அந்த வாரம் நண்பனொருவனின் வீட்டு விறாந்தையில் மருமகனும் தோழர் மூவரும் ஒத்திகை பார்த்தனர். என்னையும் அழைத்திருந்தான், மூலையிற் கதிரையொன்றில் அமர்ந்தேன். மத்தளமும் தாழ்சுரக் கிற்றாரும் சேர்ந்து எழுந்த கணத்தில், மருமகனின் கிற்றார் மறைந்துபோயிற்று. விரல்கள் அசைவது தெரிந்தது, சுரம் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஒரு சேற்றொலி. தோழர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். மருமகன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையிலே காப்பு மீண்டும் ஈடுகடை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அன்றிரவு நித்திரையின்றிக் கணக்கிட்டேன். திரிபுச் சுற்றினுள் இரு சுரங்கள் ஒன்றாக நுழைந்தால், அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புதிய மீடிறன்களும் வெளிவரும். 110, 165 ஹேட்ஸ் சுரங்களைச் சேர்த்து மீட்டினால் 55 ஹேட்ஸ் தோன்றும். அது 110இன் கீழ்ஸ்தாயியாகப் பொருந்திவிடும். 110, 139 ஹேட்ஸ் சுரங்களைச் சேர்த்தாலோ, 29 ஹேட்ஸ் அளவில் வெறும் உறுமலே மிஞ்சும். அடிச்சுரங்களை நான் தாராளமாக உள்ளே விட்டதால் இத்தகைய உறுமல்கள் பெருகிவிட்டன. அன்றியும், அவ்விடத்திலே தாழ்சுரக் கிற்றாரும் மத்தளமும் ஏற்கெனவே குடியிருந்தன. மூலச் சுற்றின் அந்த 720 ஹேட்ஸ் எல்லை உலோபித்தனத்தால் வந்ததன்று. பலரோடு வாசிக்கும்போது கிற்றாருக்கென்று ஓர் இடத்தை ஒதுக்கிய முன்யோசனை அது. தனியறையிற் குறையாகத் தோன்றியது கூட்டத்திற் குணமாயிருந்தது. நான் திருத்தியது பெட்டியின் பிழையையன்று. அதனை எங்கே வைத்துக் கேட்டோம் என்பதையே நாங்கள் இருவரும் மறந்திருந்தோம்.

மறுநாட் காலை பெட்டியின் பக்கத்தில் ஒரு துளையிட்டுச் சிறிய ஆளி ஒன்றைப் பொருத்தினேன். ஆளியை ஒருபுறம் தள்ளினால் இரண்டாவது கொள்ளளவி சுற்றோடு சேரும். மறுபுறம் தள்ளினால் விலகும். வீட்டிலே தனித்து வாசிக்க ஒன்று. தோழரோடு வாசிக்க மற்றொன்று. அடுத்த ஒத்திகையில் மருமகன் ஆளியை விலக்கி வாசித்தபோது, அவன் முன்பு வெறுத்த அதே மூக்கொலி, மத்தளத்துக்கும் தாழ்சுரத்துக்கும் மேலாக ஒவ்வொரு சுரமும் தெளிவுற எழுந்து நின்றது. தோழர் எவரும் ஒன்றும் சொல்லவில்லை, வாசிப்பை நிறுத்தவுமில்லை. அதுவே போதுமானதாயிருந்தது.

காப்பு என் சகோதரியின் கையிலேயே இருக்கிறது. சென்ற மாதம் மருமகன் தன் தோழனின் பெட்டியொன்றைக் கொண்டுவந்தான். நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள், அவனே திருகாணிகளைக் கழற்றிச் சுற்றைத் தாளில் வரையத் தொடங்கிவிட்டான். "முதலிலை இவன் எங்கை, ஆரோடை வாசிக்கிறான் எண்டு கேக்கவேணும் மாமா" என்றான். நான் விளக்கை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.