டேப்ல அந்தக் குட்டிப் படம் ஏன் வரல? ஒரு ஃபேவிகான் விசாரணை

சிம்போசியம் வெப்சைட் லைவ் ஆகி பத்து நிமிஷம்கூட ஆகல. டிபார்ட்மென்ட் குரூப்பில் பெருமையா லிங்க் போட்டேன். "செம டா", "வேற லெவல்" என்று ரிப்ளை வரும்னு பார்த்தால், முதல் மெசேஜே இதுதான்: "டேப்ல நம்ம லோகோ வரலையே, சாம்பல் கலர்ல ஒரு உருண்டை தான் தெரியுது."

அந்த லோகோவை வரைந்தவன் டிசைன் டீமில் இருக்கும் செகண்ட் இயர் தம்பி. ரெண்டு வாரம் உட்கார்ந்து வரைந்தது. நான் யோசிக்கவே இல்லை, உடனே ஃபோன் போட்டேன். "உன் ஃபைல்ல தான் ஏதோ பிரச்சனை. திரும்ப எக்ஸ்போர்ட் பண்ணி அனுப்பு."

"சரிண்ணா. ஆனா என் லேப்டாப்ல ஓப்பன் பண்ணா நல்லாத் தானே தெரியுது?"

"அங்க தெரிஞ்சா என்ன, சைட்ல தெரியலையே?"

ராத்திரி ஒன்றரை மணிக்குள்ள அவன் ஐந்து தடவை எக்ஸ்போர்ட் பண்ணி அனுப்பினான். ஐந்து தடவையும் அதே உருண்டை. காலையில் தலையைத் தெளிவாக்கிட்டுப் பார்த்தால், தப்பு என் கோடில். ஒரே ஒரு சாய்வுக்கோடு.

அன்னைக்கு நான் கத்துக்கிட்டதை இங்கே எழுதி வைக்கிறேன். மினி ப்ராஜெக்ட், ஃபெஸ்ட் சைட், ப்ளேஸ்மென்ட்டுக்கான போர்ட்ஃபோலியோ என்று எதைச் செய்தாலும் இது ஒருநாள் உங்களுக்கும் வரும்.

முதல்ல, இது எங்கிருந்து வந்தது?

1999 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 தான் இதை ஆரம்பித்து வைத்தது. அந்த பிரவுசரில் புக்மார்க்குக்குப் பெயர் ஃபேவரிட்ஸ். ஃபேவரிட்டுக்குப் பக்கத்தில் வரும் ஐகான் என்பதால் ஃபேவிகான். யாராவது ஒரு சைட்டை ஃபேவரிட்ஸில் சேர்த்தால், பிரவுசர் தானாகவே அந்த சைட்டின் ரூட்டுக்குப் போய் "ஃபேவிகான் டாட் ஐசிஓ இருக்கா?" என்று கேட்கும். அதனால் சர்வர் லாகை வைத்தே எத்தனை பேர் தங்கள் சைட்டைச் சேர்த்திருக்கிறார்கள் என்று அப்போது ஓரளவு கணக்குப் போட முடிந்தது.

அந்தப் பழக்கம் இன்னும் போகல. ஃப்ளாஸ்க் அல்லது ஜாங்கோ ஓட்டும்போது, நீங்க எழுதவே எழுதாத ஃபேவிகான் டாட் ஐசிஓ-வுக்கு டெர்மினலில் ஒரு 404 வரி வந்து நிற்கும், பார்த்திருப்பீங்க. நீங்க லிங்க் டேக் எதுவும் கொடுக்கலைன்னா, பிரவுசர் பழைய ஞாபகத்தில் ரூட்டில் போய்த் தட்டிப் பார்க்கிறது. அவ்வளவுதான்.

இனி விசாரணை. "ஐகான் வரல" என்பது பார்க்க ஒரே பிரச்சனை மாதிரி இருக்கும். உள்ளே நாலு தனித்தனிக் கேள்விகள் இருக்கு. எங்கே தேடணும்னு பிரவுசருக்குத் தெரியுமா? தேடின இடத்தில் ஃபைல் இருக்கா? இருக்கிற ஃபைல் உண்மையிலேயே படமா? பிரவுசர் காட்டுவது புதுசா, பழசா? இதே வரிசையில் கேட்கணும். நான் நேரா மூணாவதுக்குத் தாவினேன், அதனால் தான் தம்பியின் தூக்கம் போச்சு.

கேள்வி 1: பிரவுசருக்குச் சொன்னீங்களா?

ஹெட் பகுதிக்குள் ஒரு லிங்க் டேக் வேணும். அதில் ரெல் என்ற இடத்தில் ஐகான் என்றும், ஹெச்ரெஃப் என்ற இடத்தில் ஃபைலின் முகவரியும் இருக்கணும். பழைய ட்யூட்டோரியல்களில் ஷார்ட்கட் ஐகான் என்று ரெண்டு வார்த்தை இருக்கும். அதுவும் வேலை செய்யும், ஆனால் ஐகான் மட்டும் போதும்.

செக் பண்ண வேண்டிய இடம் உங்க வி.எஸ். கோடு இல்லை. லைவ் சைட்டைத் திறந்து, ரைட் கிளிக் செய்து, வியூ பேஜ் சோர்ஸில் அந்த வரி இருக்கான்னு பாருங்க. புஷ் பண்ண மறந்திருந்தால் இங்கேயே மாட்டிக்குவீங்க. இன்னொரு விஷயம்: ஹெட்டுக்குள் தெரியாமல் ஒரு டிவ் அல்லது இமேஜ் டேக் போட்டிருந்தால், பிரவுசர் ஹெட் அங்கேயே முடிஞ்சுது என்று முடிவு பண்ணிவிடும். அதற்குக் கீழே இருக்கும் எல்லாமே பாடிக்குள் போய்விடும், உங்க லிங்க் டேக்கும் சேர்த்து.

கேள்வி 2: அந்த முகவரியில் ஃபைல் இருக்கா?

நான் மாட்டினது இங்கே தான். பேஜ் சோர்ஸில் ஹெச்ரெஃபில் இருக்கும் முகவரியை கிளிக் பண்ணுங்க. புது டேபில் படம் வந்தால் அடுத்த கேள்விக்குப் போங்க. 404 வந்தால், பிரச்சனை படத்தில் இல்லை, பாதையில்.

கிட்ஹப் பேஜஸில் ப்ராஜெக்ட் சைட் போட்டால், அதன் முகவரி உங்க யூசர்நேம் டாட் கிட்ஹப் டாட் ஐஓ, அதற்குப் பிறகு சாய்வுக்கோடு, பிறகு ரெப்போ பெயர் என்று இருக்கும். நான் ஐகான் ஜெனரேட்டர் கொடுத்த கோடை அப்படியே ஒட்டியிருந்தேன். அதில் ஹெச்ரெஃப் சாய்வுக்கோட்டில் தொடங்கியது. முன்னாடி சாய்வுக்கோடு இருந்தால் "டொமைனின் ரூட்டிலிருந்து தேடு" என்று அர்த்தம். லைவ் சர்வரில் ஓட்டும்போது என் ப்ராஜெக்ட் ஃபோல்டர் தான் ரூட், அதனால் ஐகான் ஜம்முன்னு வந்தது. கிட்ஹப்பில் ரூட் என்பது ரெப்போவுக்கு வெளியே. பிரவுசர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிட்டு "யாரும் இல்லை" என்று திரும்பி வந்திருக்கு. சிஎஸ்எஸ், மற்ற படங்கள் எல்லாம் சாய்வுக்கோடு இல்லாமல் நான் கையால் எழுதினவை, அதெல்லாம் ஒழுங்கா வந்துச்சு. அதனால் தான் பாதை மேல எனக்குச் சந்தேகமே வரல.

சாய்வுக்கோட்டை எடுத்தேன், ஹோம் பேஜில் லோகோ வந்தது. ஈவென்ட்ஸ் ஃபோல்டருக்குள் இருந்த பக்கங்களில் வரல, ஏன்னா இப்போ அது அந்த ஃபோல்டருக்குள்ளேயே தேடுது. கடைசியில் சாய்வுக்கோடு, ரெப்போ பெயர், பிறகு ஃபைல் பெயர் என்று முழுப் பாதையாகக் கொடுத்ததும் எல்லாப் பக்கத்திலும் வந்தது.

இதே கேள்வியில் இன்னும் மூணு வில்லன்கள் உண்டு.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து. விண்டோஸுக்கு ரெண்டும் ஒண்ணு தான், கிட்ஹப் பேஜஸுக்கு அப்படி இல்லை. ஃபைல் பெயரில் முதல் எழுத்து கேப்பிட்டல், கோடில் ஸ்மால் என்றால் உங்க லேப்டாப்பில் வரும், லைவில் 404. விண்டோஸில் கேஸை மட்டும் மாற்றி ரீநேம் பண்ணினால் கிட் அதைக் கண்டுக்காமல் விடுவதும் உண்டு. கிட் எம்வி கமாண்ட் மூலமா மாற்றுங்க.

மறைந்த எக்ஸ்டென்ஷன். விண்டோஸ் வழக்கமா எக்ஸ்டென்ஷனைக் காட்டாது. நீங்க ஃபேவிகான் டாட் ஐசிஓ என்று பெயர் வைத்ததா நினைப்பீங்க, உண்மையான பெயர் ஃபேவிகான் டாட் ஐசிஓ டாட் பிஎன்ஜி. எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குப் போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸை ஆன் பண்ணுங்க.

எல்லாத்துக்கும் ஹோம் பேஜ். ரியாக்ட் மாதிரி சிங்கிள் பேஜ் ஆப் ஹோஸ்ட் பண்ணும்போது, எந்த முகவரி கேட்டாலும் இண்டெக்ஸ் ஹெச்டிஎம்எல்லையே கொடு என்று ஒரு ரீரைட் விதி போடுவோம். அப்போ இல்லாத ஐகானைக் கேட்டால்கூட 404 வராது. 200 வரும், உள்ளே படத்துக்குப் பதில் ஹெச்டிஎம்எல் இருக்கும். ஐகான் முகவரியைத் திறந்தால் உங்க ஹோம் பேஜே வந்து நிற்குதா? கேஸ் க்ளோஸ்டு, ஃபைல் அங்கே இல்லை.

கேள்வி 3: அது உண்மையிலேயே அந்த ஃபார்மட் தானா?

பெயரை மாற்றினால் ஃபார்மட் மாறாது. பிஎன்ஜி படத்தை எடுத்து ஐசிஓ என்று ரீநேம் செய்தால், அது சட்டை மாற்றின பிஎன்ஜி, அவ்வளவுதான். பல பிரவுசர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, பரவாயில்லைன்னு காட்டிவிடும். அதை நம்பி விட்டால், கண்டிப்பான வேறொரு மென்பொருள் அதைத் திறக்க மறுக்கும்.

ஐசிஓ என்பது ஒரு தனிப்படம் கிடையாது, ஒரு டப்பா. 16, 32, 48 பிக்சல் என்று பல அளவுப் படங்களை ஒரே ஃபைலில் அடுக்கி வைக்கலாம். தேவையான அளவைப் பிரவுசர் எடுத்துக்கும். அதனால் ரீநேம் வேண்டாம், கிம்ப் போன்ற ஒரு மென்பொருளில் ஐசிஓவாக எக்ஸ்போர்ட் பண்ணுங்க.

ஃபைல் உள்ளே என்னன்னு தெரியணுமா? நோட்பேடில் திறங்க. கண்டபடி எழுத்துகள் வரும், பயப்படாதீங்க, தொடக்கத்தை மட்டும் பாருங்க. இரண்டாவது எழுத்திலிருந்து பிஎன்ஜி என்று இருந்தால் அது பிஎன்ஜி. ரிஃப், வெப்பி என்ற எழுத்துகள் இருந்தால் அது வெப்பி. படிக்கிற மாதிரி டேக் வரிசையா வந்தால், அது எஸ்விஜி அல்லது மேலே சொன்ன ஹெச்டிஎம்எல் ஏமாற்று.

எஸ்விஜி வைத்தால் எந்த அளவிலும் கூர்மையா இருக்கும். ஆனால் சர்வர் அதை எஸ்விஜிக்கான சரியான மைம் டைப்போடு அனுப்பணும், எல்லாப் பழைய பிரவுசரும் ஏற்காது. அதனால் எஸ்விஜியோடு ஒரு ஐசிஓவோ பிஎன்ஜியோ துணைக்கு வைப்பது நல்லது.

டிசைன் டீம் கவனத்துக்கு: லோகோவை மெசேஜ் ஆப்பில் ஃபோட்டோவா அனுப்பாதீங்க. வழியில் அது ஜேபெக்காக மாறலாம். ஜேபெக்கில் ட்ரான்ஸ்பரன்சி கிடையவே கிடையாது, லோகோவைச் சுத்தி ஒரு கட்டம் வந்து உட்காரும். டாக்குமென்ட்டாக அனுப்புங்க, அல்லது டிரைவ் லிங்க் கொடுங்க.

கேள்வி 4: பார்ப்பது பழசா?

பிரவுசர்கள் ஃபேவிகானைத் தனியா சேர்த்து வைக்கும். குரோம் ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள் ஃபேவிகான்ஸ் என்ற பெயரிலேயே ஒரு எஸ்க்யூலைட் ஃபைல் இருக்கு. ஃபயர்ஃபாக்ஸிலும் அதே மாதிரி தனி டேட்டாபேஸ். அதனால் தான் கன்ட்ரோல் ஷிஃப்ட் ஆர் எத்தனை தடவை அழுத்தினாலும் சில நேரம் பழைய படம் அசையாது. இந்தத் தனி சேமிப்பு எவ்வளவு பிடிவாதமானது என்றால், இதையே வைத்து ஒருவரை ட்ராக் செய்ய முடியும் என்று சிகாகோவில் உள்ள இலினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் ஒரு ஆய்வுக் கட்டுரையில் காட்டினார்கள்.

லோக்கல்ஹோஸ்டில் இது இன்னும் வேடிக்கை. போன செமஸ்டர் ப்ராஜெக்ட் 3000 போர்ட்டில் ஓடியது, இந்த செமஸ்டர் ப்ராஜெக்ட்டும் அதே 3000. பிரவுசருக்கு ரெண்டும் ஒரே முகவரி, அதனால் பழைய ப்ராஜெக்ட்டின் ஐகானைப் புதுசுக்கு மாட்டி விடும்.

தீர்வு எளிது. ஹெச்ரெஃபில் ஃபைல் பெயருக்குப் பின்னாடி ஒரு கேள்விக்குறி போட்டு வி ஈக்குவல் டு 2 என்று சேருங்க. பிரவுசருக்கு இது புது முகவரி, புதுசா வாங்கிக்கும். சோதிக்க, இதுவரை அந்த சைட்டைத் திறக்காத வேறொரு பிரவுசரிலோ நண்பனின் ஃபோனிலோ பாருங்க.

வந்துடுச்சு, ஆனா நல்லா இல்லையே?

16க்கு 16 என்றால் மொத்தம் 256 புள்ளிகள். அதற்குள் காலேஜ் எம்ப்ளம், தொடங்கிய வருஷம், மோட்டோ எல்லாம் போட்டால் ஈ நசுங்கின மாதிரி தான் தெரியும். ஒரு எழுத்து அல்லது ஒரு வடிவம் போதும். கறுப்பு லோகோ, ட்ரான்ஸ்பரன்ட் பின்னணி என்றால் டார்க் தீமில் மறைந்துவிடும். ரெண்டு தீமிலும் பார்த்துட்டு ஓகே சொல்லுங்க.

ஐஃபோன் ஹோம் ஸ்க்ரீனுக்கு ஆப்பிள் டச் ஐகான் என்று 180 பிக்சலில் தனியா ஒரு பிஎன்ஜி வேணும், பின்னணி கலரோடு. ஆண்ட்ராய்டில் இன்ஸ்டால் ஆகிற சைட் என்றால் மேனிஃபெஸ்ட்டில் 192, 512 ரெண்டும் வேணும். கூகுள் தேடலில் வரணும்னா படம் சதுரமா இருக்கணும், ரோபோட்ஸ் ஃபைலில் தடுத்திருக்கக் கூடாது. பிறகு சில நாள், சில வாரம்கூட ஆகலாம், பொறுமை வேணும்.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்க ஒரு சுருக்கம்:

1. லைவ் பேஜ் சோர்ஸில் லிங்க் டேக் இருக்கா?
2. அந்த முகவரியைத் திறந்தால் படம் வருதா? 404 என்றால் சாய்வுக்கோடு, எழுத்தின் கேஸ், எக்ஸ்டென்ஷன் பாருங்க. ஹோம் பேஜ் வந்தால் ஃபைலே இல்லை.
3. நோட்பேடில் திறந்தால் ஃபார்மட் பொருந்துதா?
4. வேறு பிரவுசரில் வருதா? வந்தால் கேச் தான், கேள்விக்குறி போட்டு வெர்ஷன் கொடுங்க.

ஒரு நேரத்தில் ஒண்ணை மட்டும் மாற்றுங்க. ஐந்து இடத்தில் ஒரே நேரம் கை வைத்தால், சரியானாலும் எதனால் சரியாச்சுன்னு தெரியாது.

அன்னைக்குக் காலையில் கேண்டீனில் தம்பியைப் பார்த்துச் சொன்னேன்: "உன் ஃபைல்ல ஒண்ணும் இல்லைடா. முதல்ல அனுப்பினியே, அதையே தான் போட்டிருக்கேன். தப்பு என்னோடது." அவன் ஃபோனை எடுத்து டேபைப் பார்த்தான், சிரிச்சான். "அப்போ அந்த அஞ்சு எக்ஸ்போர்ட்ண்ணா?" என்றான். டீயோடு ரெண்டு பஃப்ஸ் வாங்கிக் கொடுத்தேன்.

அந்த முகவரியை ஒரு தடவை கிளிக் பண்ணிப் பார்க்க ஐந்து செகண்ட் தான் ஆகியிருக்கும். அடுத்த தடவை "உன் ஃபைல்ல தான் பிரச்சனை" என்று யாருக்காவது ஃபோன் போடுவதற்கு முன்னாடி, அந்த ஐந்து செகண்டைச் செலவு பண்ணிடுங்க.