சக்கரம் உடைந்தால் கப்பல் நிற்குமா?

பாய்மரக் கப்பல் வரும் சினிமாக்களில், கேப்டன் ஒரு பெரிய மரச் சக்கரத்தைச் சுற்றுவாரே, பார்த்திருக்கிறீர்களா? சுற்றிலும் கைப்பிடிகள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சக்கரம், அவ்வளவு பெரிய கப்பலை எப்படித் திருப்புகிறது?

முதலில் ஒரு சின்ன சோதனை. உங்கள் வீட்டுக் கதவைக் கீல் இருக்கும் பக்கமாக ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள் (இடுக்கில் விரல் சிக்காமல், ஜாக்கிரதை!). லேசில் அசையாது. இப்போது தாழ்ப்பாள் இருக்கும் ஓரத்தில் தள்ளுங்கள். சுலபமாக நகரும். கீலிலிருந்து எவ்வளவு விலகித் தள்ளுகிறோமோ, அவ்வளவு குறைந்த பலம் போதும். கப்பலைத் திருப்பும் ரகசியமும் இதுதான்!

கப்பலின் பின்புறம் தண்ணீருக்குள் கதவு போலப் பொருத்தியிருக்கும் பலகைக்குச் 'சுக்கான்' என்று பெயர். ஓடும் கப்பலில் சுக்கானை வலப்பக்கம் திருப்பினால், தண்ணீர் அதில் மோதி, கப்பலின் பின்பகுதியை இடப்பக்கம் தள்ளும். உடனே முன்பகுதி வலப்பக்கம் திரும்பும்.

சுக்கானைத் திருப்ப, அதன் தலையில் நீளமான மரத்தண்டு ஒன்றைச் செருகியிருப்பார்கள். பெரிய கப்பல்களில் இந்தத் தண்டு கீழ்த்தளத்தில் இருக்கும். அங்கிருந்து பாயும் தெரியாது, கடலும் தெரியாது. மேலே நின்றபடியே தண்டை இழுக்க வழி வேண்டுமே! அதற்காக 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்ததுதான் சக்கரம்.

சக்கரத்தின் அச்சில் ஓர் உருளை இருக்கும். அதில் கயிற்றைப் பல சுற்று சுற்றி, இரண்டு முனைகளையும் கீழே இறக்கி, கப்பிகள் வழியாகத் தண்டின் இருபுறமும் கட்டிவிடுவார்கள். சக்கரத்தைச் சுற்றினால் ஒரு பக்கக் கயிறு இழுபடும், மறுபக்கம் தளரும். தண்டு நகரும், சுக்கான் திரும்பும்.

சக்கரத்தின் ஒரு கைப்பிடியில் மட்டும் கயிற்று முடிச்சு போட்டிருப்பார்கள். அது நேர் மேலே இருந்தால் சுக்கான் நேராக இருக்கிறது என்று அர்த்தம். கும்மிருட்டிலும் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நல்ல ஐடியா, இல்லையா?

1765-ல் கடலில் இறக்கப்பட்ட 'விக்டரி' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் இரட்டைச் சக்கரம் இருந்தது. சாதாரண நாளில் அதைப் பிடிக்க 4 பேர். கடல் கொந்தளித்தால் 8 பேர்!

1805 அக்டோபர் 21. ஸ்பெயினின் டிரஃபால்கர் முனை அருகே, பிரான்ஸ் - ஸ்பெயின் கப்பல்களை எதிர்த்துத் தளபதி நெல்சன் விக்டரியில் வந்துகொண்டிருந்தார். எதிரி வரிசையை நெருங்கும் நேரத்தில், பீரங்கிக் குண்டு ஒன்று சக்கரத்தைச் சிதறடித்தது!

கப்பல் திக்குத் தெரியாமல் தவித்ததா? அதுதான் இல்லை! மாலுமிகள் கீழ்த்தளத்துக்கு ஓடினார்கள். கூட்டமாகச் சேர்ந்து தண்டையே இழுத்துத் திருப்பினார்கள். குவில்லியம், அட்கின்சன் என்ற இரண்டு அதிகாரிகள் மாறி மாறி அங்கே நின்று கவனித்துக்கொண்டார்கள். வெளியே என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. மேலிருந்து வரும் கட்டளைதான் அவர்களுக்குக் கண். அப்படியே விக்டரி எதிரி வரிசையைப் பிளந்து நுழைந்தது. அன்று நெல்சன் குண்டடிபட்டு இறந்தார்; ஆனால் அவருடைய படை வென்றது.

விக்டரி இப்போது இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் நகரில் அருங்காட்சியகமாக இருக்கிறது. இனி சினிமாவில் கப்பல் சக்கரத்தைப் பார்த்தால், கீழ்த்தளத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் தண்டையும் கயிற்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். அன்று கப்பலைக் காப்பாற்றியது அந்தத் தண்டும், அதை இழுத்த கைகளும்தானே, குட்டீஸ்!