முதல் ரோபோவும் ஒரு பல்மானியும்

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவை நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே, தான்தோன்றீசுவரர் ஆலயத்தினாலும், ஒரு காலத்தில் பலருக்குத் தொழில் கொடுத்துப் பின்னர் யுத்தத்தினால் இயக்கம் நின்றுபோன ஓட்டுத் தொழிற்சாலையினாலும், அயலிலுள்ள கற்சிலைமடுவில் 1803ஆம் ஆண்டுப் போரை நினைவூட்டி நிற்கும் பண்டாரவன்னியனின் நினைவுக் கல்லினாலும் வன்னி மக்கள் யாவரும் அறிந்த ஊர் ஒட்டுசுட்டான். வயலும் காடும் குளமும் சூழ்ந்த இவ்வூரிலே, உயர்தர வகுப்பிற் பயிலும் ஒரு மாணவனோ மாணவியோ தன் கையினாலேயே ஒரு சிறு ரோபோவை ஆக்கிவிட வேண்டும் என்று ஆசை கொள்வதாக வைத்துக்கொள்வோம். அந்த ஆசை நியாயமானது. காலத்துக்கு ஏற்றதும் ஆகும். உயர்தரத்திலே தொழில்நுட்பத் துறை என்றொரு தனிப்பிரிவு 2013ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இருக்கின்றது. ஆயினும் ஆசைக்கும் அந்த யந்திரம் நிலத்தில் ஓடும் முதற் கணத்துக்கும் இடையே இருக்கின்ற விக்கினங்களைப் பற்றி எவரும் அந்தப் பிள்ளைக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. அவற்றைச் சற்று நிதானமாக எடுத்துரைப்பது பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பயன்படும் என்று கருதுகிறேன்.

ரோபோ என்றவுடன் சினிமாவிலே காணும் மனித உருவம் நம் மனத்தில் எழுகின்றது. தொடக்கக்காரர் செய்வதோ உள்ளங்கை இரண்டை அகலத்துக்கு வைத்தாற் போதுமான ஒரு சிறு வண்டி. இரண்டு சில்லுகள், அவற்றைச் சுழற்ற இரண்டு மோட்டர்கள், எத்திசையிலும் உருளும் ஒரு துணைச் சில்லு, எதிரிலுள்ள தடையையோ தரையிலுள்ள கறுப்புக் கோட்டையோ உணரும் ஒரு சாதனம், உணர்ந்ததைக் கொண்டு தீர்மானம் செய்யும் ஒரு சிறு பலகை, இவை அனைத்துக்கும் சக்தியளிக்கும் ஒரு பற்றரி என்னும் இவ்வளவே அதன் சரீரம். உணர்தல், தீர்மானித்தல், அசைதல் என்னும் மூன்றும் ஒன்றுசேர்ந்துவிட்டால் அது ரோபோவாகிவிடும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலே நரம்பியல் ஆராய்ச்சி நிலையமொன்றிற் பணியாற்றிய கிரே வால்டர் என்பவர், 1948, 1949ஆம் ஆண்டுகளிலே, கணினி என்பது உலகத்தில் ஒருசில ஆய்வுகூடங்களில் மாத்திரம் இருந்த காலத்தில், இரண்டு வெற்றிடக் குழாய்களையும் இரண்டு மோட்டர்களையும் ஓர் ஒளியுணரியையும் கொண்டு, வெளிச்சத்தை நாடிச் செல்வதும், மோதினால் விலகிக்கொள்வதும், பற்றரி தளர்ந்தால் தன் கூட்டுக்குத் திரும்புவதுமாகிய மூன்று சில்லு யந்திர ஆமைகளை ஆக்கினார். போர்க்காலத்தில் மிஞ்சிய உதிரிப் பாகங்களும் பழைய கடிகாரங்களின் உறுப்புக்களும் அவற்றுக்கு மூலப்பொருளாயின. போரின் மிச்சத்திலிருந்து புதியதொன்றை ஆக்கிய இச்செய்தி வன்னியிலே சொல்லத் தகுந்தது என்பது என் எண்ணம்.

இன்று வால்டரின் குழாய்களுடைய இடத்தை ஆர்டுயினோ என்னும் பலகை எடுத்துக்கொண்டது. இத்தாலியின் இவ்றேயா நகரிலே, இலத்திரனியலில் முன்னறிவில்லாத வடிவமைப்பு மாணவர்களுக்காக 2005ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட இப்பலகையின் வரைபடம் யாவருக்கும் திறந்து விடப்பட்டமையால், உலகெங்கும் அதன் பிரதிகள் மலிந்த விலையிற் கிடைக்கின்றன. ஒட்டுசுட்டானிலிருந்து கொண்டு இதை வாங்க விரும்புபவர் பெரும்பாலும் கொழும்புப் புறக்கோட்டையின் முதலாம் குறுக்குத் தெருக் கடைகளிலிருந்தோ, இணையவழி விற்பனையாளரிடமிருந்தோ பொதியாக வரவழைக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே, டொலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்த நாணயம் 360 வரை சரிந்தபோது, இறக்குமதியையே நம்பிய இவ்வகைப் பொருள்களின் விலை எவ்விதம் ஏறியிருக்கும் என்பதை ஊகிக்க எவருக்கும் சிரமமிராது. பட்டணத்துப் பிள்ளை ஒரு பாகம் எரிந்துபோனால் மாலையிலே மற்றொன்றை வாங்கி வரும். இவ்வூர்ப் பிள்ளையோ பொதி வரும்வரை காத்திருக்க வேண்டும். தவறு செய்து கற்றுக்கொள்ளும் உரிமை இங்கே அவ்வளவு விலை கூடியது.

பொதி வந்துவிட்டது என்று கொள்வோம். பலகையைக் கணினியுடன் இணைத்தால் கணினி அதை அறிந்துகொள்ளாமல் இருக்கலாம். கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டும் பயன்படும் சில வடங்களிலே தகவல் செல்லும் கம்பிகளே இல்லை என்பதும், பிரதிப் பலகைகளில் உள்ள இணைப்பு நுண்சில்லுக்குக் கணினியிலே தனியான செயலியொன்றைப் பதிக்க வேண்டியிருக்கலாம் என்பதும் தெரிந்தால் இத்தடை நீங்கிவிடும். அதன்பின் பலகையிலுள்ள சிறு விளக்கு, எழுதிய நிரலுக்குக் கீழ்ப்படிந்து மினுங்குகின்றது. அந்தச் சந்தோஷம் உண்மையானது. எனினும் அந்த முதல் வெற்றி ஒரு பிரமையையும் கூடவே கொண்டுவருகின்றது: நிரலைச் சரியாக எழுதிவிட்டால் மற்றையவை தாமே நடக்கும் என்னும் பிரமை.

அந்தப் பிரமை மோட்டரிடத்திலே முதன்முதலாக உடைகின்றது. விளக்கை எரித்த அதே முனையில் மோட்டரைப் பொருத்தினால் அது அசைவதில்லை. பலகை பழுதாகவும் கூடும். விளக்குக்கு இருபது மில்லி அம்பியர் மின்னோட்டமே போதும். பலகையின் ஒரு முனை உச்சமாகத் தாங்கக் கூடியது 40 மில்லி அம்பியர். மஞ்சள் நிறப் பற்சில்லுப் பெட்டியுடன் வரும் சிறிய மோட்டரோ ஓடும்போதே நூற்றுக்கு மேற்பட்ட மில்லி அம்பியரைக் கேட்கும். அசையத் தொடங்கும் கணத்திலும், எதிலாவது முட்டி நிற்கும்போதும் அதனிலும் பல மடங்கு கேட்கும். ஆகவே பலகை கட்டளையை மட்டும் கொடுக்க, மின்னோட்டத்தைப் பற்றரியிலிருந்து நேரே எடுத்து மோட்டருக்கு வழங்கும் செலுத்திப் பலகையொன்று இடையிலே வேண்டும். எல்-298 என்னும் சிவப்பு நிறச் செலுத்தியே தொடக்கக்காரரின் கைக்கு வழக்கமாக வருவது. பழைய வகைத் திரான்சிற்றர்களால் ஆன அது, தன்னூடாகச் செல்லும் மின்னழுத்தத்தில் ஏறக்குறைய 2 வோல்ற்றைத் தானே விழுங்கி வெப்பமாக்கிவிடும். நான்கு சாதாரண மின்கலங்களை அடுக்கி 6 வோல்ற்று கொடுத்தவருக்கு, மோட்டரிடம் சென்று சேர்வது 4 வோல்ற்று அளவுதான் என்பது தெரிவதில்லை.

இனி வருவதே எல்லாவற்றிலும் பெரிய சங்கடம். கடைகளிலே எளிதிற் கிடைப்பதும், 9 வோல்ற்று என்று எழுதப்பட்டிருப்பதும், தோற்றத்தில் அடக்கமானதுமான சதுரப் பற்றரியையே அனேகமாக எல்லாரும் முதலில் வாங்குகிறார்கள். ஆறு வோல்ற்றைக் காட்டிலும் ஒன்பது பெரிதல்லவா? நிரல் ஏற்றப்படுகின்றது, பற்றரி இணைக்கப்படுகின்றது, ரோபோ ஒருமுறை துடித்து நிற்கின்றது, மறுபடி துடித்து நிற்கின்றது. முத்தையன்கட்டுக் குளத்தின் கீழே வயல் செய்வோருக்கு இதன் காரணத்தை விளக்குவது கடினமன்று. குளத்தில் நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்து நின்றாலும், துருசின் வாய் குறுகியதாயிருந்தால் வாய்க்காலில் வரும் நீர் கடைசி வயலை எட்டாது. மின்னழுத்தம் என்பது நீர்மட்டம். மின்னோட்டம் என்பது வாய்க்காலில் ஓடும் நீர். அந்தச் சதுரப் பற்றரியினுள்ளே இருப்பவை ஆறு மிகச் சிறிய மின்கலங்கள்; புகையை அறிவிக்கும் கருவி போன்ற சொற்ப மின்னோட்டம் வேண்டுபவற்றுக்காகச் செய்யப்பட்ட அவற்றின் உட்டடை அதிகம். இரண்டு மோட்டர்கள் ஒருங்கே மின்னோட்டத்தைக் கேட்டவுடன் அதன் மின்னழுத்தம் சரிந்துவிடுகின்றது. தீர்மானம் செய்யும் நுண்சில்லோ, மின்னழுத்தம் ஒரு வரம்புக்குக் கீழே தாழ்ந்தால் தன் காரியத்தை நிறுத்தி, மீண்டும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்படி அமைக்கப்பட்டது. அது மீண்டும் ஆரம்பித்தவுடன் மோட்டரைச் சுழற்றக் கட்டளையிடுகின்றது. மின்னழுத்தம் மீண்டும் சரிகின்றது. துடிப்புக்குக் காரணம் இவ்வளவே.

ஆனால் அந்தப் பிள்ளைக்கு இது தெரியாது. அதன் கண்ணுக்குத் தெரிவது நிரல் ஒன்றே. ஆகவே நிரலை வரிவரியாகப் படிக்கின்றது; பிழையில்லாத இடத்தைத் திருத்திப் பிழையாக்குகின்றது; வேறொருவருடைய நிரலை எடுத்துப் பதித்துப் பார்க்கின்றது; இரவு வெகுநேரம் விழித்திருந்து, இறுதியில் தனக்குக் கணினி அறிவு போதாது என்று முடிவு செய்து, எல்லாவற்றையும் பெட்டியிலே போட்டு மூடிவிடுகின்றது. அறிவில் குறையில்லாத எத்தனையோ பிள்ளைகள் இந்த இடத்திலேயே விலகிப் போகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே துக்கம் தருவது. அவர்களிடம் இல்லாதிருந்தது கண்ணுக்குப் புலப்படாத மின்சாரத்தைப் பிரத்தியட்சமாகக் காட்டும் ஓர் உபகரணம் மாத்திரமே.

பாடநூல்கள் பல்மானி என்றும் கடைக்காரர் மல்ரிமீற்றர் என்றும் சொல்லும் கருவியே அது. முதல் ரோபோவுக்கெனச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதியை, மற்றோர் உணரிக்கும் மினுக்கமான சில்லுக்கும் செலவிடாமல், மலிந்த பல்மானி ஒன்றுக்குச் செலவிட வேண்டும் என்பதே நான் வற்புறுத்த விரும்பும் ஒரே யோசனை. வாங்கினாற் போதாது, அதை எப்போது வைத்துப் பார்ப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஓய்ந்திருக்கும் பற்றரியை அளந்தால் அது ஒன்பதுக்கு மேலேயும் காட்டித் திருப்திப்படுத்திவிடும். மோட்டர் சுழலும்போதே, அல்லது சில்லை விரலால் மெல்லத் தடுத்துப் பிடித்திருக்கும் கணத்திலேயே, பற்றரியின் இரு முனைகளிலும் பல்மானியை வைத்துப் பார்க்க வேண்டும். எண் சரிவதைத் தன் கண்ணாலே கண்ட பிள்ளைக்குப் பிறகு எவரும் அதைப் போதிக்க வேண்டியதில்லை.

இன்னொரு மறைவான பிழையையும் அதே கருவி வெளிப்படுத்தும். பலகைக்கு ஒரு பற்றரியும் மோட்டருக்கு வேறொரு பற்றரியும் வைப்பவர்கள், இரண்டின் மறை முனைகளையும் ஒரு கம்பியால் இணைக்க மறந்துவிடுகிறார்கள். கட்டளையை ஏந்திச் செல்லும் கம்பி இருக்கின்றது. அந்த மின்னோட்டம் திரும்பிவர வழி இல்லை. சுற்று மூடாத இடத்தில் மின்னோட்டம் இல்லை என்று பௌதிகவியல் வகுப்பிலே எழுதி முழுப் புள்ளி வாங்கிய பிள்ளைதான் இங்கேயும் தடுமாறுகின்றது. பல்மானியைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து இரு மறை முனைகளையும் தொட்டால், அது ஒலியெழுப்பாத மௌனத்திலேயே விடை கிடைத்துவிடும்.

இவ்விஷயத்தில் வன்னிக்கு ஒரு முன் அனுபவம் உண்டு. அதை இளையோர் அறிதல் வேண்டும். தொண்ணூறுகளிலே பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்றாயிருந்தது, மின்சாரமோ இல்லை. செய்தி கேட்பதற்கு மக்கள் சைக்கிளின் டைனமோவை வானொலியுடன் இணைத்து மிதித்தார்கள். மண்ணெண்ணெயிலே மோட்டார் சைக்கிள் ஓடிற்று. சைக்கிள் டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி வேண்டுவது நேரோட்டம். அதை நேராக்க இருவாயியும், அலையை அடக்கக் கொள்ளளவியும் வேண்டும். மிதியின் வேகம் குறைந்தால் மின்னழுத்தமும் தாழ்ந்து குரல் மங்கும். பாரமேறினால் மின்னழுத்தம் சரியும் என்னும் அதே விதியைத் தங்கள் கால்களினாலேயே அறிந்தவர்கள் இவ்வூர்களில் இன்றும் இருக்கிறார்கள். வானொலியும் தொலைக்காட்சியும் நீர்ப்பம்பியும் திருத்திக் கைதேர்ந்த அத்தகைய ஒருவரிடம், “ஐயா, இதிலே மின்னோட்டம் எங்கே நிற்கின்றது என்று ஒருக்கால் பாருங்கோ” என்று தன் ரோபோவைக் கொண்டுபோய்க் காட்டும் பிள்ளை, ஆர்டுயினோ என்ற பெயரையே கேட்டிராத அவரிடமிருந்து அன்றைக்கே பெரும் பயன் பெறும். பாடசாலைகள் இவர்களை அழைத்து மாணவர் நடுவே இருத்த வேண்டும் என்பேன்.

மற்றைய இடையூறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு சில்லு முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் சுழன்றால் ஒரு மோட்டரின் இரு கம்பிகளையும் இடம் மாற்றினாற் போதும். மோட்டரின் செப்புத் தகடு மிக மெல்லியது; ஈயம் வைத்துப் பற்றவைத்த கம்பியை இழுத்தால் தகடே கழன்று வந்துவிடும். பற்றவைக்கும்போது இரும்பு போதிய சூடேறாவிட்டால் ஈயம் உருண்டு நிற்குமேயன்றி ஒட்டாது. பழைய மடிக்கணினிகளிலிருந்து எடுத்த லிதியம் கலங்களைப் பயன்படுத்துவோர், அவற்றின் இரு முனைகளும் ஒரு கணம் தொட்டுக்கொண்டாலும் தீப்பற்றக் கூடும் என்பதை மறக்கலாகாது. காப்புச் சுற்றில்லாமல் அவற்றைப் பிள்ளைகள் கையிற் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ளேன்.

கோட்டைத் தொடரும் ரோபோவைச் செய்பவருக்கு வன்னி வெயில் ஒரு தனிப் பாடம் கற்பிக்கும். வெள்ளைத் தரையில் ஒட்டிய கறுப்பு நாடாவைக் காண, அந்த உணரி செந்நிறக் கீழ்க் கதிரை வீசி, திரும்பி வரும் அளவைப் பார்க்கின்றது. வெள்ளை திருப்பியனுப்பும், கறுப்பு விழுங்கும். இரவிலே அறைக்குள் பிசகாமல் ஓடிய யந்திரம், பகலிலே விறாந்தைக்கு வந்ததும் திசை தெரியாமல் அலையும். ஏனெனில் சூரியனும் அதே கதிரை அளவின்றிச் சொரிகின்றது. உணரியைத் தரைக்கு அண்மையிற் பதித்துச் சுற்றிலும் கறுப்புத் தாளால் மறைப்பதும், ஓடவிடும் இடத்திலேயே வெள்ளைக்கும் கறுப்புக்கும் உரிய எண்களை அளந்து எல்லையை வகுப்பதும் இதற்குப் பரிகாரமாகும். ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு மோட்டர்களும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பதும் இவ்வாறே அளந்து சரிசெய்ய வேண்டியது. நேர்கோட்டில் ஓட விட்ட வண்டி ஒரு பக்கம் வளைந்து போனால், வேகமான மோட்டருக்குரிய எண்ணைச் சிறிது குறைத்துப் பார்க்கலாம். திட்டமான பலன் வேண்டுவோர் சில்லின் சுழற்சியை எண்ணும் துளைத் தட்டை இணைப்பர்.

தடையை அறியும் கழியொலி உணரியோ, செவிக்கு எட்டாத 40 கிலோஹேட்ஸ் ஒலியை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை அளந்து தூரம் சொல்கின்றது. ஒலி போவதும் வருவதுமாக இருமடங்கு வழி செல்வதால், கிடைத்த தூரத்தை இரண்டாற் பிரிக்க வேண்டும். சரிவான சுவரில் ஒலி வேறு பக்கம் தெறித்துவிடும். துணித்திரை அதை உறிஞ்சிவிடும். 20 பாகை வெப்பத்தில் செக்கனுக்கு 343 மீற்றர் செல்லும் ஒலி, 35 பாகையில் ஏறக்குறைய 352 மீற்றர் செல்லும். ஆகையால் நிரலில் வழக்கமாக எழுதும் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டால் நண்பகலில் தூரம் சிறிது குறைவாகத் தோன்றும். இந்த உணரியைக் கீழ்நோக்கிப் பொருத்தினால், தடையை விலகிச் செல்லும் வண்டிக்கு அப்பாலும் அதற்கு வேலை உண்டு: வீட்டு நீர்த்தாங்கியில் நீர் எவ்வளவு இருக்கின்றது என்பதை அது சொல்லும். ஆனால் அதன் எல்லை 4 மீற்றர்தான். கோடையில் நீர் ஆழத்துக்குப் போய்விடும் கிணற்றுக்கு அது எட்டாது. அத்துடன் ஈரம் படாதபடி மூடிய வகையைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.