நான்கு கோடி இலக்கங்கள் உணர்த்தும் பாடம்

பாலையூற்றில் வசிக்கும் ஒரு தாய், மத்திய கிழக்கில் தொழில்புரியும் மகன் அனுப்பிய பணம் வந்துசேர்ந்ததா என்பதைக் கைத்தொலைபேசியிலேயே அறிந்துகொள்ளும் காலம் இது. அத்தகைய தகவல்களைக் களவு போகாது காக்கும் முறைகளுள் ஒன்று, பாடசாலையில் நாம் கற்று மறந்த முதன்மை எண்களிலேயே தங்கியுள்ளது. ஒன்றாலும் தன்னாலும் மாத்திரம் மீதியின்றி வகுபடும், ஒன்றிலும் பெரிய எண்களே அவை. சுமார் 300 இலக்கங்கள் கொண்ட இரு முதன்மை எண்களைப் பெருக்குவது கணினிக்கு நொடிப்பொழுது வேலை. பெருக்கத்திலிருந்து அவ்விரண்டையும் மீட்பதோ இன்றைய கணினிகளுக்கு எட்டாத காரியமாகும்.

2024 ஒக்டோபரில், அதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பெரிய முதன்மை எண்ணை அமெரிக்கரான லூக் டுராண்ட் கண்டறிந்தார். 1996 முதல் தொண்டர்கள் தமது கணினிகளைக் கொண்டு நடத்திவரும் தேடலின் பேறு அது. 136,279,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, ஒன்றைக் கழித்தால் அவ்வெண் கிடைக்கும். அதிலுள்ள இலக்கங்கள் 41,024,320. விநாடிக்கு ஓர் இலக்கமாக இரவுபகல் எழுதினாலும் 474 நாட்களுக்கு மேல் செல்லும்.

இவ்வடிவில் அமைவன எல்லாம் முதன்மை எண்கள் அல்ல. சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களிலும் ஒன்று, இரண்டு, நான்கு என இரட்டித்து வைக்கும் தானியமணிகளின் மொத்தமும் இவ்வடிவினதே. ஆயினும் அது மூன்றால் வகுபடும். 11 இரண்டுகளின் பெருக்கத்தில் ஒன்றைக் கழித்தால் வரும் 2047, 23 ஐ 89 ஆல் பெருக்கக் கிடைப்பது. எனவே, தோற்றத்தை நம்பாது ஒவ்வோர் எண்ணையும் சோதித்தே தீரவேண்டும்.

இவ்வகை முதன்மை எண் ஒவ்வொன்றும் ஒரு நிறைவெண்ணையும் தருகிறது. தன்னை விடுத்த ஏனைய காரணிகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்ணே நிறைவெண். 1, 2, 3 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 6 அதற்கு உதாரணம். இத்தொடர்பை யூக்ளிட் நிறுவினார். இரட்டை நிறைவெண்கள் யாவும் இவ்வழியில் வருவனவே என்பதை, பஸ்ராவில் பிறந்த முஸ்லிம் அறிஞர் இப்னுல் ஹைதம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்தார். முழுமையான நிறுவலை 18 ஆம் நூற்றாண்டில் ஒய்லர் அளித்தார்.

டுராண்டின் எண் எந்த வங்கிக்கும் இன்று தேவைப்படாது. பரீட்சைக்கு வருமா என்று மட்டுமே கேட்கப் பழகிய எமது சமூகம் இதனை வீண்வேலை எனக் கருதக்கூடும். ஆனால், வங்கிகளைக் காக்கும் முதன்மை எண்களும் நூற்றாண்டுகளாகப் பயன் கருதாது ஆராயப்பட்டவையே. 2002 இல், ஓர் எண் முதன்மை எண்தானா என்பதை ஐயமின்றி, அதன் இலக்கங்களின் தொகைக்கு ஏற்ற நியாயமான படிமுறைகளில் தீர்மானிக்கும் வழியை இந்தியாவின் கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் மணீந்திர அகர்வால் கண்டபோது, அவருடன் இருந்த நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் அவ்வாண்டிலேயே பட்டம் பெற்ற இளைஞர்கள்.

சூத்திரத்தை மனனம் செய்விப்பதோடு நில்லாது, அது ஏன் உண்மை என்று வினவும் துணிவை எமது வகுப்பறைகள் வளர்க்க வேண்டும். அதற்குப் பெரும் செலவு ஏதும் இல்லை என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.