மருந்தின் நாற்கூறும் எதிர்விளைவுக் குறிப்பும்

நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவும் உழைச்செல்வான் எனத் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தமை அறிஞர் அறிந்ததே. இவற்றுள் மருந்தே நோயாளிக்குத் தீங்கு செய்யுமாயின் அதனை அறிவது எங்ஙனம்? இக்கால மருத்துவமனைகள் இவ்வினாவுக்குக் கண்ட விடையை ஈண்டு நோக்குவோம்.

உரிய அளவில் உட்கொண்ட மருந்தால் விளையும் தீங்கினை எதிர்விளைவு என்பர். புதுமருந்து விற்பனைக்கு வருமுன் பெரும்பாலும் சில ஆயிரம் பேரிடத்தேதான் ஆராயப்படுகின்றது. பதினாயிரவருள் ஒருவரைத் தாக்கும் தீங்கு அவ்வாய்வில் புலப்படுதல் அரிது. அதனை ஒருமுறையேனும் காண ஏறத்தாழ 30,000 பேரை நோக்குதல் வேண்டும். ஆதலின் தனி மருத்துவர் ஒருவரின் பட்டறிவு இதற்குப் போதாது. கருவுற்ற மகளிர் உண்ட தாலிடோமைடு மருந்தின் கொடுமை 1961-இல் வெளிப்பட்டது. அதனால் உறுப்புக் குறையுடன் பிறந்த குழந்தைகள் பல்லாயிரவர்.

இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010-இல் தொடங்கிற்று. சென்னை மருத்துவக் கல்லூரியும் அதன் மையங்களுள் ஒன்று. எதிர்விளைவுக் குறிப்பில் இன்றியமையாதன நான்கு: நோயாளி, ஐயத்திற்குரிய மருந்து, நேர்ந்த தீங்கு, தெரிவிப்பவர். தெரிவிப்பவர் மருத்துவராகவோ செவிலியராகவோ நோயாளியாகவோ இருக்கலாம். வள்ளுவர் எண்ணிய கூறுகளோடு தீங்கு என்னும் ஒன்று இங்குப் புதிதாகச் சேர்ந்துள்ளது. இக்குறிப்புகள் காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தைச் சென்றடைகின்றன. சாந்தோமில் ஒருவர் மேனியில் எழும் தடிப்பும் வேற்றூரில் மற்றொருவர்க்கு எழுவதும் ஆங்கே ஒருங்கு வைத்து ஆராயப்படும்.

இதற்கு ஒரு சான்று காட்டலாம். மாதவிடாய் வலிக்கும் பிற வலிகளுக்கும் பலர் உண்ணும் மெஃபெனாமிக் அமிலம், காய்ச்சலும் தோல் தடிப்பும் உள்ளுறுப்புத் தாக்கமும் கூடிய கடிய ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்று 2023 நவம்பரில் அவ்வாணையம் எச்சரித்தது. இத்தகைய ஒவ்வாமை பெரும்பாலும் மருந்து தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரங்களுக்குள் தோன்றும். அதற்குள் மருந்தையே மறந்துவிடுவார் பலர். காரணத்தை மறந்தவழிக் குறிப்பும் இல்லையாகும்.

குறிப்பு எழுதுவதற்கு ஐயமே போதும், துணிபு வேண்டுவதில்லை. அது எவர்மேலும் சாட்டும் குற்றமும் அன்று. 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று நம் மக்கள் சொல்லும் சொல் பெரும்பாலும் வீட்டளவிலேயே மறைந்துபோகின்றது. அச்சொல்லைக் கேட்டு, மருந்தின் பெயரும் நாளும் சேர்த்து எழுதிவைத்தல் இன்றைய உழைச்செல்வாரின் கடமையாகும். அவ்வாறு எழுதப்பெறும் ஒருவரின் துன்பம், முகமறியாப் பலரைக் காக்கும் அறிவாக மாறும்.